மூன்று குன்றிமணி மாலைகள்

புங்கங்காட்டில் கல்லூரி திறந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தது சுருளி என்ற அணில். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கூடவே வந்த அம்மா அணில், மழைக்காலம் முடியும் வரைக்குமான வேர்க்கடலையைப் பொந்து நிறைய நிரப்பியது. வெள்ளம் வந்தால் தன்னால் வர முடியாது, பார்த்துச் சாப்பிடு என்று நூறு தடவை சொன்னது. நூறு தடவையும் சுருளி தலையை ஆட்டியது.

கல்லூரி வாசலில், மேட்டின்மேல், பெருச்சாளியின் கடை. பளபளவென்று குன்றிமணி மாலைகள்! மயிலிறகுக் குஞ்சங்கள்! விலை மட்டும் பத்துப் பிடி கடலை. சுருளி திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தது.

"என்ன தங்கச்சி, பேசாம போறே? உன் வகுப்புக் கிளி நேத்தே வாங்கிடுச்சு. நாளைக்கு நீ மட்டும் வெறுங்கழுத்தோடவா உட்காருவே?" என்றது பெருச்சாளி.

அவ்வளவுதான்! சுருளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடிப்போய்க் கடலையை அள்ளி வந்தது. மறுநாள் வகுப்பில் கிளியின் கழுத்திலும் மாலை, குரங்கின் கழுத்திலும் மாலை. நல்லவேளை தப்பித்தோம் என்று சுருளிக்குப் போன உயிரே திரும்பி வந்தது. அடுத்த வாரம் குஞ்சம் வாங்கியது. அப்புறம் அதன் பிறந்தநாள் வந்தது. கிளி வகுப்புக்கே விருந்து வைத்திருந்ததே, தான் வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தது, வெகு தடபுடலாக.

பிறகு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு கரைபுரண்டது. பொந்துக்குள் கை விட்டால் வெறும் தோல்தான் வந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்த சுருளி, வெட்கத்தை விட்டுக் கிளியிடம் கேட்கக் கிளம்பியது. பாதிக் கிளையில் எதிரே கிளியே வந்தது. மேலிருந்து குரங்கும் இறங்கியது.

"கொஞ்சம் கடலை இருக்குமா?"

மூன்றும் ஒன்றாகக் கேட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தன.

"நீ வாங்கிட்டேன்னு பெருச்சாளி சொல்லித்தானே சுருளி நான் வாங்கினேன்?" என்றது கிளி. குரங்கிடமும் பெருச்சாளி இதையேதான் சொல்லியிருந்தது.

கோபத்தோடு மூன்றும் மேட்டுக்கு ஓடி மாலைகளைக் கழற்றி நீட்டின. கடலை மூட்டைமேல் சாய்ந்திருந்த பெருச்சாளி அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் பழசு. மூணுக்கும் சேர்த்து ஒரு கடலை தரேன்."

வேறு வழியில்லாமல் சுருளி வாங்கிக்கொண்டது. அம்மா நிரப்பிய பொந்து ஞாபகம் வந்து அதற்கு அழுகை முட்டியது. கடலையை உடைத்தால் உள்ளே இரண்டே பருப்பு, வயிறுகளோ மூன்று.

பக்கத்திலிருப்பவர் வாங்கிவிட்டார் என்று நாமும் வாங்கினால், நம் பசிக்கு வைத்திருந்தது இன்னொருவர் மூட்டைக்குத்தான் போய்ச் சேரும்.