முத்து மேகமும் முந்திய பெங்குவினும்

ஒரு பனிக்காட்டில் பெங்குவின் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. மரமில்லாமல் காடா என்று கேட்காதீர்கள் குழந்தைகளே. தென்துருவத்தில் அதுதான் காடு.

அங்கே குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. அம்மா பெங்குவின்கள் இரை தேடிக் கடலுக்குப் போய்விடும். அப்பாக்கள் ஆளுக்கொரு முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்பார்கள். பட்டினிதான். வேறு வழி?

அவர்களில் துடியன் என்று ஒருவன். சும்மா நிற்பது என்றால் அவனுக்கு வேப்பங்காய்.

ஒருநாள் இருண்ட வானத்தின் உச்சியில் மேகங்கள் சிப்பியின் உட்புறம் போல வண்ணம் காட்டின. உடனே ஸ்குவா என்னும் முட்டைத் திருட்டுப் பறவை பறந்து வந்தது.

"துடியன் அண்ணே, வசந்தம் வந்துவிட்டது! அண்ணி கரையேறும் நேரம். முதலில் போய் முட்டையைக் காட்டப்போவது யாரோ?"

துடியன் நகர்ந்தான். பக்கத்தில் நின்றவன் தடுத்தான்.

"போகாதே! போன குளிர்காலத்திலும் இதைப் பார்த்தோமே. மேலே குளிர் மிகவும் கடுமையாகும்போது, அங்கே மிதக்கும் அமிலத் துளிகளில் நீராவி படிந்து பனித்துகளாக உறைகிறது. அடிவானத்துக்குக் கீழே கிடக்கும் சூரியனின் ஒளி அதில் பட்டு இப்படி மினுக்குகிறது. வசந்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது."

"நான் முந்திவிடுவேன் என்று உனக்கு வயிற்றெரிச்சல்!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. துடியன் கூட்டத்தை விட்டு ஓடினான். திறந்த வெளியில் காற்று அறைந்தது. கால் இடறியது. முட்டை பனியில் உருண்டது. அவன் அதை அலகால் இழுப்பதற்குள் ஓடு விறைத்துப் பிளந்தது.

"ஐயோ, வசந்தம் என்றாயே!"

"வசந்தம் வரும்வரை நானும் சாப்பிட வேண்டாமா அண்ணே?" என்று சொல்லி, ஸ்குவா முட்டையைக் கொத்திக்கொண்டு பறந்தது.

துடியன் திரும்பி வந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெறுங்காலோடு நிற்க அவனால் முடியவில்லை. முட்டை அளவு பனிக்கட்டி ஒன்றை உருட்டிக் காலில் ஏற்றி, மூடிக்கொண்டான்.

ஒருவழியாகச் சூரியன் உதித்தது. சுற்றிலும் குஞ்சுகள் கத்தின. துடியனின் மனைவி இரைப்பை நிறைய மீனோடு ஓடி வந்தாள். அவன் காலருகே குனிந்து, "கண்ணே, அம்மா வந்துவிட்டேன், வெளியே வா!" என்று கூப்பிட்டாள்.

துடியன் மடிப்பைத் தூக்கவில்லை.

நீதி: ஆசைப்பட்டதையே உண்மை என்று நம்புகிறவன், தன்னை நம்பியிருந்ததை இழப்பான்.