படலுக்கு வெளியே படுத்திருந்த வேங்கன்

குளக்கரையில் ஓர் இலவந்தோப்பு இருந்தது. கோடையில் காய்கள் வெடித்துப் பஞ்சு பறக்கும். தரைக்கு வர மனமில்லாததுபோல அது மரங்களுக்கு இடையே மிதந்துகொண்டே இருக்கும். குளத்து நீரின் ஒளி அடிமரங்களில் ஏறி நெளியும். அந்தத் தோப்புக்குள் காலை வைத்தால் யாருக்கும் லேசாகக் கண் சொக்கும்.

அங்கே வேங்கன் என்ற நாய் புதிதாக வந்தது. முயல் வேட்டைக்காரர் வீட்டில் பிறந்த நாய். நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு.

வந்த அன்றே வம்பு வந்தது. சாம்பி என்ற சாம்பல் நிறக் கோழி தன் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு குஞ்சு சிறகை அடித்தது. அவ்வளவுதான்! வேங்கன் பாய்ந்துவிட்டது. சாம்பி குறுக்கே விழுந்து குஞ்சைக் காத்தது. அதன் வால் இறகுகள் வேங்கனின் வாயில் சிக்கின. தோப்புக்காரி வடிவாம்பாள் மட்டும் ஓடிவந்து அதட்டியிராவிட்டால், சாம்பியின் உயிரே போயிருக்கும்.

அன்று சாயங்காலமே அவள் மூங்கில் படல் ஒன்று கட்டினாள். கோழிகள் உள்ளே, வேங்கன் வெளியே.

வேங்கன் படலோரம் படுத்து, மிதக்கும் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வெட்கமாக இருந்தது. பேச ஆளில்லாமல் துக்கமாகவும் இருந்தது.

சாம்பி தயங்கித் தயங்கிப் படலருகே வந்தது.

“ஏன் எங்களைத் துரத்தினாய்?”

“நான் துரத்தவில்லை, அக்கா! ஏதாவது படபடத்தால் என் கால்கள் ஓடிவிடுகின்றன. நான் பிறகுதான் போய்ச் சேருகிறேன்.”

சாம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த நாய் பொய் சொல்லவில்லை என்பது அதற்குப் புரிந்தது.

“அப்படியானால் கால்களுக்குப் பாடம் சொல்வோம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் நடப்பேன். நீ படுத்திரு. எழுந்திருக்கத் தோன்றினால் வேறு பக்கம் பார்!”

அப்படியே இரண்டும் தொடங்கின. சாம்பி நடந்தது. வேங்கன் படுத்திருந்தது. பிறகு சாம்பி கொஞ்சம் ஓடியது. வேங்கன் நகங்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு குளத்தைப் பார்த்தது. சாம்பி சிறகை அடித்தபோது வேங்கனின் உடம்பு முழுவதும் நடுங்கியது.

“படு!” என்றது சாம்பி. வேங்கன் படுத்தது.

நாட்கள் பஞ்சுபோல நகர்ந்தன. மத்தியானங்களில் வேங்கன் படலில் முதுகைச் சாய்த்துத் தூங்கும். குஞ்சுகள் உள்பக்கம் அதே முதுகின் சூட்டில் ஒட்டிக்கொண்டு தூங்கும். கனவில் வேங்கன் எங்கோ வெள்ளை வெளியில் ஓடும். கால்கள் தூக்கத்திலேயே துடிக்கும். விழித்ததும், “கால்களில் அந்த வேகம் இன்னும் இருக்கிறது, அக்கா” என்று சாம்பியிடம் சொல்லும்.

குளத்தோரத் தாழம்புதரில் ஒரு கீரி இருந்தது. நாய் கிடப்பதால் அது குஞ்சுகளை நெருங்க முடியவில்லை. ஆகவே அது பின்பக்கமாக வந்து, செம்பூவன் என்ற சேவலைக் கூப்பிட்டது.

“அண்ணே! நாய் உங்களுக்குச் சிநேகிதன் ஆகிவிட்டதாமே! பிறகு எதற்கு இந்தப் படல்? உங்களைப்போன்ற ராஜாவை அடைத்து வைப்பதா? கேட்கவே கஷ்டமாக இருக்கிறது!”

செம்பூவனுக்குக் கொண்டை சிவந்தது. நேராக வேங்கனிடம் வந்தது.

“தம்பி, படலைத் தள்ளு! இனி ஒன்றாக மேய்வோம்!”

வேங்கனின் நெஞ்சு குதித்தது. இதற்குத்தானே அது இத்தனை நாள் ஏங்கியது! ஆனால் முந்தின நாள் ஒரு குஞ்சு துள்ளியபோது தன் கால் எழுந்தது அதற்கு நினைவுக்கு வந்தது.

“இப்போது வேண்டாம், அண்ணே. என்மேல் எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.”

“அப்படியானால் நீ சிநேகிதனே இல்லை!” என்றது செம்பூவன். வேங்கனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது அசையவில்லை.

செம்பூவன் விடவில்லை. படலின் கயிற்று முடிச்சைத் தானே கொத்திக் கொத்தி அவிழ்த்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தது. குஞ்சுகள் அதன் பின்னே உருண்டோடின. “போகாதீர்கள்!” என்று சாம்பி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அந்த நேரம் குளத்திலிருந்து காற்று எழுந்தது. மேலே காய்கள் வெடித்தன. தோப்பே வெள்ளையாகிவிட்டது. குஞ்சுகள் பஞ்சைப் பிடிக்கத் துள்ளின, பறந்தன, கீச்சிட்டன. எங்கு பார்த்தாலும் படபடப்பு! வேங்கனுக்குத் தான் விழித்திருக்கிறோமா, கனவில் இருக்கிறோமா என்றே தெரியவில்லை. அதன் கால்கள் எழுந்தன.

புதரில் கீரி காத்திருந்தது. நாய் துரத்தும், கோழிகள் சிதறும், கலவரத்தில் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு போகலாம் என்பது அதன் திட்டம்.

“வேங்கா, படு!”

சாம்பியின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது. வேங்கன் கண்களை இறுக மூடிக்கொண்டு தரையில் விழுந்தது. ஓடத் துடித்த கால்களைத் தன் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டது. அதன் முதுகில் பஞ்சு படிந்தது.

பொறுமை இழந்த கீரி புதரைவிட்டுப் பாய்ந்தது. குஞ்சுகள் அலறின. அவை தாயிடம் ஓடவில்லை. தினமும் ஒட்டிக்கொண்டு தூங்கிய அந்தச் சூட்டைத் தேடி ஓடி, வேங்கனின் கழுத்தடியிலும் வயிற்றோரத்திலும் புகுந்துகொண்டன.

வேங்கன் கண்ணைத் திறந்தது. எழவில்லை. பல்லைக் காட்டி ஒரே ஓர் உறுமல் உறுமியது. கீரி வந்த வழியே ஓடிப்போனது. பிறகு அந்தக் கரையில் அதை யாரும் பார்க்கவில்லை.

செம்பூவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தது.

“தம்பி, நான் சொன்னது தப்பு. இனிப் படலே வேண்டாமா?”

“வேண்டும், அண்ணே!” என்றது வேங்கன். அதன் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. “இன்று ஜெயித்தேன். நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.”

சாம்பி குஞ்சுகளை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டது. போகும்முன் வேங்கனின் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சை அலகால் மெல்ல எடுத்துவிட்டது. வேங்கன் முதல்முறையாகத் தன் கால்களுக்குப் பயப்படாமல் கண்ணை மூடிக்கொண்டது.

தன் பலவீனத்தை அறிந்து தள்ளி நிற்கத் தெரிந்தவனே நம்பத் தகுந்த நண்பன்; அவசரப்பட்டுத் திறக்கும் கதவைவிட, பொறுத்துப் பழகும் நட்பே பாதுகாப்பானது.