சாக்கடை சபைக்குப் போன கதை

முன்னொரு காலம் என்று மட்டும் சொல்கிறேன். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அந்த நாட்டு ராஜாவுக்குக் கோபம் குறைவு, ஆசை அதிகம். ஒருநாள் அண்டை நாட்டுத் தூதன் வந்து, "எங்கள் நாட்டில் ஊர்ச்சபைகள் மேல் ஒரு குறையும் எழுவதில்லை" என்று அளந்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தர்பாரில், "ஐப்பசி மழை தொடங்குவதற்குள் நம் தலைநகரில் ஊர்ச்சபை மேல் ஒரு குறைகூட இருக்கலாகாது. யார் செய்து முடிப்பீர்கள்?" என்றார்.

மந்திரி விருபாட்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அரண்மனை விகடன் பிச்சாண்டி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே வயிற்றெரிச்சல். ராஜா மந்திரியைப் பார்த்தால் கொட்டாவி விடுவார், பிச்சாண்டியைப் பார்த்தால் சிரிப்பார். மனுஷனுக்கு எரியாதா?

"மகாராஜா, பிச்சாண்டியாரையே குறைகேட்கும் அதிகாரி ஆக்குங்கள். ஆனால் முறை ஒன்று வேண்டும். அவர் யாருக்கும் உத்தரவு போடலாகாது. குறை உள்ளவர், எவர் மேல் குறையோ அவரிடமே முதலில் முறையிட வேண்டும். வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. சான்றையும் அவரிடமே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். பதில் சொல்லும்வரை சான்று அவர் காவலில் இருக்கும். பதில் கிடைத்தும் மனம் ஆறாதவர்தான் அதிகாரியிடம் வரலாம்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஊர்ச்சபையோ யாருக்கும் பதிலே சொல்லாது. பதில் வராதவர் பிச்சாண்டியிடம் வர முடியாது. குறை கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஊர்ச்சபைத் தலைவர் அம்பலவாணர் வேறு மந்திரியின் மைத்துனர். வீட்டுக்குள்ளேயே பின்னிய வலை.

"பேஷ்!" என்றார் ராஜா. "மழைக்குள் முடியாவிட்டால், பிச்சாண்டி, நீ மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பிச்சாண்டி கும்பிட்டான். "உத்தரவு மகாராஜா. காவலில் வைத்த சான்று காணாமல் போனால்?"

"காவல் காத்தவருக்குச் சவுக்கடி."

"இந்த முறை எல்லோருக்கும் பொதுதானே?"

"என் நாட்டில் ஆளுக்கொரு முறை கிடையாது!" என்று ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று மாலையே பிச்சாண்டியின் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் ஆவுடையம்மாள், ஆப்பம் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவள். ஊர்ச்சபைத் தலைவர் அம்பலவாணர், இவள் தெருவில் ஓடும் சாக்கடையின் மேல் மாட்டுக்கொட்டகை கட்டிவிட்டார். போக வழியில்லாத தண்ணீர் முழுக்க இவள் அடுப்படிக்குள் வந்துவிட்டது.

"சபைக்கு நடந்து நடந்து காலே தேஞ்சுபோச்சு சாமி. 'ஆலோசனையில இருக்கு'ன்னு சொல்லியே அனுப்புறாங்க. மண்சுவரு ஊறிக் கெடக்கு. மழை வந்துட்டா புள்ளைங்க மேலயே விழுந்துடும்" என்று அழுதுவிட்டாள். பிச்சாண்டிக்கு வாயில் வெற்றிலை கசந்தது.

"சான்று கொண்டுபோனியா தாயீ?"

"சாக்கடையை எப்படிச் சாமி மடியில கட்டிக்கிட்டுப் போறது?"

"மடியில எதுக்கு? குடம் இல்லையா வீட்டுல?"

ஆவுடையம்மாள் அழுகையை நிறுத்தினாள். இரண்டு தரம் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை ஊர்ச்சபையில் அம்பலவாணர் திண்டில் சாய்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். ஆவுடையம்மாள் சாக்கடைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து அவர் எதிரே வைத்தாள்.

"ஐயோ, இதென்ன நாற்றம்! தூக்கிப் போடுங்கடா வெளியே!"

சபை வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சாண்டி பதறி எழுந்தான். "வேண்டாம் தலைவரே! நான் உத்தரவு போடவில்லை, எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஆனால் அது சான்று. போனால் சவுக்கடி."

செய்தி ஊரெல்லாம் பரவியது. குப்பை அள்ளாத தெருக்காரர்கள் குப்பையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். சந்தையில் கட்டுப்பாடில்லாமல் திரிந்த முரட்டுக் காளையைக் காய்கறிக்காரர்கள் கூடி இழுத்துவந்து சபையின் தூணில் கட்டினார்கள். அம்பலவாணர் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தார். பதில் சொல்லாவிட்டால் குடம் நகராது. முடியாது என்று பதில் சொன்னாலோ அவள் பிச்சாண்டியிடம் போவாள், அவன் நேரே ராஜாவிடம் போவான்.

மைத்துனருக்கு யோசனை சொல்ல மந்திரி பட்டு அங்கவஸ்திரம் சரசரக்க வந்தார். சிவப்புக்கரைப் பட்டைக் கண்ட காளை என்ன நினைத்ததோ, தலையைக் குனிந்து ஒரே முட்டு. மந்திரி பறந்துபோய்க் குடங்களுக்கு நடுவே விழுந்தார்.

அதே கோலத்தில் தர்பாருக்கு ஓடினார். வழிவிடச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பின்னாலேயே பிச்சாண்டியும் போனான்.

"மகாராஜா! இந்தப் பிச்சாண்டியால் எனக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்! இவன் மேல் நான் முறையிடுகிறேன்!"

பிச்சாண்டி பணிவாக முன்னால் வந்தான். "மந்திரியாரே, எவர் மேல் குறையோ அவரிடமே முதலில் முறையிட வேண்டும் அல்லவா? என் மேல் குறை என்றால் என்னிடம் சொல்லுங்கள். சான்றையும் ஒப்படைத்துவிடுங்கள்."

"சான்றா?"

"தங்கள் அங்கவஸ்திரம்தான். நான் பதில் சொல்லும்வரை என் காவலில் பத்திரமாக இருக்கும்."

ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் சிம்மாசனமே குலுங்கியது. "கொடும் ஐயா, கொடும்! நீர் சொன்ன முறைதானே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மந்திரி அங்கவஸ்திரத்தைக் கழற்றிக் கொடுத்தார்; வேறு என்ன செய்வார்?

அதற்குள் அம்பலவாணர் தன் கையாலேயே கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாக்கடை தன் வழியில் ஓடியது, குப்பை வண்டி ஏறியது, காளை பட்டிக்குப் போனது. குறை தீர்ந்தவர்கள் சான்றாக வைத்த குடத்தையும் கூடையையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஆவுடையம்மாள் அடுப்படியைக் காயவைத்து, சுவரை மெழுகி முடித்த பிறகுதான் ஐப்பசி மழை பிடித்தது. நல்ல மழை. சுவர் நின்றது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டி கழுத்தில் போட்டார். "இனி நீயே நிரந்தரக் குறைகேட்கும் அதிகாரி" என்றார். ஆவுடையம்மாள் சூடாக ஒரு கூடை ஆப்பம் கொண்டுவந்தாள். மாலையைவிட அதற்குத்தான் பிச்சாண்டி முதலில் கை நீட்டினான்.

அவன் தின்றுகொண்டிருக்கும்போது மந்திரி மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார். "பிச்சாண்டியாரே, அந்த அங்கவஸ்திரம்... மாமனார் வீட்டுச் சீர். என் முறையீட்டுக்குப் பதில் எப்போது?"

பிச்சாண்டி வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, மரியாதையாகச் சொன்னான்:

"ஆலோசனையில் இருக்கிறது."