தளவாய் கைக்குள் ஐந்து வண்டு

வெயிலுக்குப் பேர்போன கானலூர் நாட்டைத் திருமுடிராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அன்று சபையில் இருந்தவர்கள்: ராஜா, தளவாய் வேலப்பர், மந்திரி ஆதிமூலம், பனிமலை நாட்டுத் தூதர் பூபசிங், சாமரம் வீசும் இருவர், வெட்டுக்கத்தியோடு ஒருவன். ஆக ஏழு பேர். தாம்பாளத்தில் ஐந்து வண்டுகள்.

பனிமலை ராஜா கோடைக்குப் பரிசாக அனுப்பிய பனிக்கட்டி கரைந்துவிட்டது. அதற்குள் இருந்த வண்டுகள் கால்களை மடக்கி மல்லாந்து கிடந்தன.

"ஐந்து பிணம் அனுப்பியிருக்கிறான். நாமும் இப்படி விறைப்போம் என்று அர்த்தம். தூதன் தலையை எடுத்துவிட்டுப் படையைக் கிளப்புவோம், மகாராஜா," என்றார் தளவாய். சண்டையில்லாத வருஷங்களில் எல்லோரும் மந்திரியைத்தான் கேட்பார்கள். அந்தப் புகைச்சல் அவருக்கு.

தூதர் கைகூப்பினார். "அவை சாகவில்லை, மகாராஜா. பனிக்காலம் வருமுன் இந்த வண்டு உடம்புச் சாற்றைப் பாகாக்கிக்கொள்ளும். பாகு சீக்கிரம் உறையாது. கட்டிக்குள் காற்றில்லாவிட்டாலும் தாங்கும்; மூச்சை அவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கும். சூடு பட்டால் எழுந்துவிடும்."

"சூடு காட்டுகிறேனென்று மாயம் பண்ணுவான். எவனும் வண்டைத் தொடக்கூடாது," என்றார் தளவாய்.

ராஜா திரும்பினார். "மந்திரி, உமக்கென்ன வாயில் கொழுக்கட்டையா?"

ஆதிமூலத்துக்கு வண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தளவாயின் கையைப் பற்றித் தெரியும். கோபம் வந்தால் அதில் அப்பளம் சுடலாம்.

"தளவாய் சொல்வது நியாயம். ஆனால் கொலை வழக்கில் புகார் சொல்பவர், செத்ததைத் தம் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். இது நம் சபை வழக்கம்."

தளவாய் ஐந்தையும் அள்ளிக் கைக்குள் மூடிக்கொண்டார். பனிமலை ராஜாவின் பாட்டன் செய்த குற்றத்திலிருந்து தொடங்கினார். மந்திரி நடுநடுவே, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். தளவாய்க்கு முகம் சிவந்தது, வேர்த்தது. சட்டென்று பேச்சு நின்றது.

"என்ன?" என்றார் ராஜா.

"கையில் ஏதோ குறுகுறுக்கிறது." சொல்லிக்கொண்டே கையை இறுக்கினார்.

"பிணமா குறுகுறுக்கிறது? கையை விரியும்," என்றார் ராஜா.

நான்கு வண்டுகள் அவர் முழங்கைவரை ஏறின. ஒன்று உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்தது.

"பனி கொல்லவில்லை, காற்றில்லாததும் கொல்லவில்லை. நீர் கொன்றீர்," என்றார் ராஜா. "கொலைக்கு என்ன தண்டனை கேட்டீர்?"

தளவாய் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"தலை வேண்டாம், மகாராஜா," என்றார் மந்திரி. "மிச்சமிருப்பவை ஊர் திரும்ப இவரே துணை போகட்டும்."

"சரி. ஒன்று குறைந்தாலும் தலைதான்."

ராஜா தம் கம்பளிச் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினார். அந்த வெயிலில் அது பரிசா தண்டனையா என்று ஆதிமூலத்துக்கு விளங்கவில்லை. தூதர் குதிரையில் போக, தளவாய் ஈரத்துணி சுற்றிய பானையோடு பின்னால் நடந்தார்.

பனிமலையில் மூடியைத் திறந்து எண்ணினார்கள். நான்கு.