தலைவர் வீட்டு எழவு

மஞ்சக்கொம்பை பேரூராட்சியில் எதிர்க்கட்சி என்றால் கவுன்சிலர் அம்சவேணி ஒருத்திதான். கொரோனா ஊரடங்கு, மார்கழிக் குளிர் வேறு. ரேஷன் கடையைப் பூட்டி வாரக்கணக்காகிவிட்டது. பெண்களைத் திரட்டிப் போராட அனுமதி கேட்டாள்.

தலைவர் தணிகாசலம் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரித்தார். "எழவு வீட்டைத் தவிர எங்கேயும் கூட்டம் கூடாதும்மா. மீறினா இன்ஸ்பெக்டர் தூக்கி உள்ளே வெச்சிடுவார்."

அந்த வாரமே தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. பங்களாவில் பந்தல், பிரியாணி, பெரும் கூட்டம். வாசலில் அவருடைய ஆளுயரப் படம். காவலுக்கு அதே இன்ஸ்பெக்டர்.

அம்சவேணி வந்தாள். படத்துக்கு மாலை போட்டாள், விளக்கேற்றினாள். "போயிட்டீங்களே, தலைவரே!" என்று மாரிலடித்துக்கொண்டு அழுதாள். பிந்தி வந்த விருந்தாளிகள் விவரம் தெரியாமல் சேர்ந்து அழுதார்கள்.

தலைவர் கையில் கோழிக்காலோடு ஓடி வந்தார். "ஏம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்!"

"அப்படியா? கூட்டத்தைப் பார்த்து எழவுன்னு நினைச்சுட்டேன். அப்ப இது ஊரடங்கு மீறலாச்சே! இன்ஸ்பெக்டர் சார், யாரைத் தூக்கப் போறீங்க?"

சுற்றிலும் செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். தலைவர் பதறிப்போய், "எழவுன்னே எழுதிக்கய்யா!" என்றார்.

அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இடைத்தேர்தல் எப்போ சார்?"

தலைவருக்குப் புரையேறியது.

மறுநாள் காலையிலேயே ரேஷன் கடை திறந்தது. தான் உயிரோடிருப்பதை ஊர் பார்க்க வேண்டுமே என்று தலைவரே நின்று அரிசி அளந்தார்.