மயிலின் முதுகில் ஓடிய கோடு

பறவையும் மிருகமும் சட்டை போட்டுக்கொண்டு, வாய் திறந்து பேசித் திரிந்த காலம் அது. அந்தக் காலத்தில் தையல்சிட்டுகளுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொன்றும் சின்ன விஷயமாகத் தெரியும்.

முதலில், அவை குடியிருந்த குளத்தங்கரைப் புதர்களை மயில் மன்னர் தன் துணிகளை உலர்த்த எடுத்துக்கொண்டார். அடுத்து, காட்டில் வெடிக்கும் பஞ்செல்லாம் அரண்மனைப் பஞ்சு என்று ஆயிற்று. நூல் திரிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். மூன்றாவதாக ஒரு சட்டம் வந்தது. மன்னரின் அங்கியில் தையல் வெளியே தெரியக் கூடாது. தையல் தெரிந்தால் தைத்தவர் ஞாபகம் வந்துவிடும் அல்லவா? அங்கி மன்னரோடு கூடவே பிறந்தது என்று ஊர் நம்ப வேண்டும். நான்காவது அநியாயம் அந்தச் சட்டத்தால் வந்தது. மன்னர் தோகை விரித்து ஆடியபோது அங்கியின் முதுகு பிளந்தது. சட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை. தைத்த செம்பான் என்ற தையல்சிட்டைப் பிடித்துக் கூண்டில் போட்டார்கள்.

புது அங்கியை அவன் மனைவி பவளாயி தைக்க வேண்டும் என்று உத்தரவு. மாலையில் மன்னர் அதை அணிந்து சபையில் ஆடுவார். அதுவும் கிழிந்தால் இருவரையும் வல்லூறுக்குக் கொடுத்துவிடுவார்கள். வல்லூறு காலையிலேயே வந்து கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

பவளாயி கூண்டின் பக்கத்தில் அமர்ந்து, முதுகின் இரண்டு துண்டுகளையும் உட்பக்கமாக இணைத்துத் தைத்தாள். பிறகு இழுத்துப் பார்த்தாள். நூல் நறநறத்தது.

"என்னங்க, இது தாங்காது."

"ரெட்டை நூல் போடு," என்றான் செம்பான்.

"நீங்களும் ரெட்டை நூல்தானே போட்டீங்க? இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

பவளாயி துணியைத் திருப்பிப் போட்டாள்.

"உள்ளே இருக்கிற ரெண்டு ஓரத்தையும் ஒரே பக்கமாப் படிய வெச்சு, மேலேருந்து இன்னொரு தையல் போடப்போறேன். அப்ப நூலோட துணியும் சேந்து இழுப்பைத் தாங்கும்."

"வெளியே தெரியுமே, பவளா! பைத்தியமா உனக்கு?"

"தெரியாம தைச்சுட்டுச் செத்துப்போறது மட்டும் புத்திசாலித்தனமா?"

வல்லூறு ஒரு கண்ணைத் திறந்தது. "என்ன பேச்சு அங்கே?"

"நூல் சிக்கிக்கிச்சுங்க. அதைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

அந்தத் துணி மெல்லியது. ஒரு முறை குத்தினால் ஓட்டை மூடாது. கோணலாகப் போனால் பிரித்துத் திரும்பத் தைக்க வழியில்லை, ஓட்டைகள் காட்டிக்கொடுத்துவிடும். பவளாயி முதல் சில தையல்களை அலகின் முனையைப் பார்த்தே போட்டாள். கோடு ஆடப் பார்த்தது. உடனே பார்வையை மாற்றி, இணைப்பின் ஓரத்தை மட்டும் பார்த்தாள். அலகு அந்த ஓரத்தை ஒட்டியே நேராகப் போயிற்று. மூச்சு விட்டால் துணி அசைந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நூலை இழுக்காதே, சுருங்கிடும்," என்று கிசுகிசுத்தான் செம்பான்.

"கூண்டுக்குள்ள இருந்தும் வேலை ஏவுறதை விடமாட்டீங்களா?"

வெயில் தாழ்ந்தது. சபை கூடியது. பவளாயி கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மன்னர் ஆடத் தொடங்கினார். தோகை விரிந்தபோது அங்கியின் முதுகு இறுகி, மேலும் இறுகி, நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பவளாயி கண்ணை மூடிக்கொண்டாள். உள்நூல் அறுந்துவிட்டது. மேல்தையல் அறவில்லை. மன்னர் ஒரு சுற்று சுற்றி நின்றார். அங்கி முழுதாக இருந்தது.

அரண்மனை மேலாளரான கொக்கு அதற்குள் கழுத்தை நீட்டிவிட்டது. "மகராசா! முதுகில் தையல் தெரிகிறது! மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு!"

"பிரித்து எறி!" என்று கத்தினார் மன்னர்.

"பிரிக்கட்டும், மகராசா," என்றாள் பவளாயி. "உள்ளே நூல் அறுந்துபோச்சு. இப்ப உங்க மானம் அந்தக் கோட்டுலதான் நிக்குது."

கூட்டத்தில் ஓர் அணில் சிரித்துவிட்டது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மன்னர் முதுகைச் சுவரோரமாகத் திருப்பிக்கொண்டார்.

"அப்படின்னா போன தடவை கிழிஞ்சது செம்பான் குத்தமா, உங்க சட்டத்தோட குத்தமா?" என்று கேட்டது அணில்.

கொக்கு மன்னரைப் பார்த்தது. மன்னர் தரையைப் பார்த்து, "கூண்டைத் திற," என்றார். வல்லூறு எழுந்து பறந்து போயிற்று.

ஆனாலும் சட்டம் மீறப்பட்டிருந்தது. மீறியவர் பெயரைச் சாட்சிகள் முன் உரக்கப் படிப்பது அந்தச் சபையின் முறை. நன்றாகச் செய்தவர் பெயரைப் படிக்க அங்கே முறையே கிடையாது. கொக்கு கல்லின் மேல் ஏறி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தது.

"காதுல விழலை!" என்றது கூட்டம்.

"மன்னரின் அங்கியில் தையலை வெளியே தெரியும்படி தைத்தவள்," என்று படித்தது கொக்கு, "குளத்தங்கரைப் பவளாயி!"

அந்த மாலையிலிருந்துதான் மேல்தையல் துணியின் வெளிப்பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடுகிறது. அதைத் தைக்கிறவர்கள் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தைக்கிறார்கள்.