விண்ணப்பத்தில் இல்லாத கட்டம்

“அக்கா, இந்த விண்ணப்பத்துல ‘இன்னும் முடிவு பண்ணல’ன்னு ஒரு கட்டமே இல்ல.”

சம்யுக்தா வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தாள். வயது பதினேழு. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர், பள்ளியில் கடைசி வருஷம். அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்களில் அப்படி ஒரு கட்டத்தைப் பார்த்துப் பழகியவள். அதில் ஒரு டிக் போட்டால் யோசிக்க இரண்டு வருஷம் கிடைக்கும். ஆக்ஸ்போர்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு பாடத்தின் பெயரை எழுது, வந்து அதை மட்டும் படி.

அவள் எதிரே உட்கார்ந்திருந்தவள் அங்கயற்கண்ணி. முப்பத்திரண்டு வயது. ஆக்ஸ்போர்டில் படித்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். ஊர் நூலகத்தில் வரைபடப் பிரிவு அவள் பொறுப்பு. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பக்கம் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் சம்யுக்தாவின் அப்பா குமரேசன் மகளை நூலகத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

“கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்துப் போடப் பார்த்தேன். ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் போடக் கூடாதாம். ஏன்க்கா?”

“அவங்க வழக்கம். என்ன எழுதியிருக்க, காட்டு.”

சம்யுக்தா எழுதியிருந்தது அவள் கணுக்காலைப் பற்றி. அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கால் பிசகிவிட்டது. வலியோடு ஆடி முடித்தாள். விழுந்தாலும் எழ வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். அதற்குக் கீழே ரோபாட்டிக்ஸ், டென்னிஸ், வயலின், விவாதக் குழு என்று பதினொரு வேலைகள். பள்ளி ஆலோசகர் படித்துவிட்டுக் கண் கலங்கினாராம்.

அங்கயற்கண்ணி நிதானமாகப் படித்தாள். கண் கலங்கவில்லை.

“கால் இப்ப தேவலையா?”

“ம். சரியாயிடுச்சு.”

“நல்லது. போனையும் பையையும் இங்க வச்சிட்டு வெளியில பெஞ்சுல உட்காரு. கூப்பிடுறேன்.”

பெஞ்சு நூலகத்தின் பக்கவாட்டில், ஒரு பழைய மணற்கல் சுவரைப் பார்த்தபடி இருந்தது. சம்யுக்தா உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கூப்பிடவே இல்லை. பார்க்கச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்தாள்.

அப்பாவின் கார் வந்ததும் எழுந்து போனாள்.

“என்ன சொன்னாங்க?” என்றார் குமரேசன்.

“கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க.”

குமரேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை சம்யுக்தா ஒரு அட்டவணையோடு வந்தாள். முப்பது பாடங்கள். எதற்கு எத்தனை பேர் போடுகிறார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறது, எல்லாம் பச்சையும் சிவப்புமாக.

“எதுல போட்டி கம்மியோ அதைப் போடலாம்கிறார் அப்பா.”

“அப்பா பிரமாதமா பண்ணியிருக்கார். அவரே போய்ப் படிக்கட்டுமே.”

“அக்கா, விளையாடாதீங்க.”

“நான் விளையாடல. அங்க உன்னை நேர்ல கேள்வி கேக்கிற ஆளு, ஒரே விஷயத்தை இருபது வருஷமா மென்னுட்டிருக்கிறவரு. அவர்கிட்ட ‘போட்டி கம்மி, அதான் வந்தேன்’னா சொல்லுவ?”

சம்யுக்தா அட்டவணையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“பதினொண்ணு பண்றேன்க்கா. எல்லாத்துலயும் மெடல் இருக்கு. ஆனா எது பிடிக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கு எதுவுமே பிடிக்காதோன்னு பயமா இருக்கு.”

அங்கயற்கண்ணி அட்டவணையை எடுத்து ஓரமாக வைத்தாள். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று சம்யுக்தா நம்பினாள்.

“போனை வச்சிட்டு வெளியில உட்காரு. கூப்பிடுறேன்.”

சம்யுக்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவையும் கொட்டியதற்கு இதுவா பதில்? போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். சுவரோரமாக நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நடந்தாள். அன்றும் கூப்பிடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றாள். கடைசித் தேதிக்கு நாலே நாள். நகக்கண்ணில் சேறு.

“ஏதாவது எழுதினியா?”

“இல்லக்கா. நீங்க என்ன சொல்லித் தரீங்கன்னே எனக்குப் புரியல. ரெண்டு வாரம் பெஞ்சுல உட்கார வச்சீங்க. அந்தச் சுவரு வேற என் உயிரை எடுக்குது.”

“சுவரு என்ன பண்ணிச்சு?”

“அதுல ஒரு கல்லைத் தலைகீழா வச்சிருக்காங்க.”

அங்கயற்கண்ணி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

“எந்தக் கல்லு?”

இருவரும் வெளியே போனார்கள். கீழிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கல்லைச் சம்யுக்தா தொட்டுக் காட்டினாள்.

“மத்த கல்லுல எல்லாம் பாருங்க. சாய்வா கோடு கோடா இருக்கா? மேல போனா வெட்டின மாதிரி டக்குனு நின்னுடுது. கீழ வரும்போது வளைஞ்சு, அப்படியே படுத்துக்குது. இந்தக் கல்லுல மட்டும் மேல படுத்திருக்கு, கீழ வெட்டியிருக்கு.”

“அப்படியும் இருக்கலாமே. கல்லுதானே.”

“இருக்க முடியாது. எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஓடை இருக்கு. வியாழக்கிழமை போய் மணல் திட்டைக் கையால வெட்டிப் பார்த்தேன். உள்ள இதே கோடு. தண்ணி கொண்டுவந்து போடுற மணல் கீழதான் வளைஞ்சு படுக்குது. அடுத்து வர்ற தண்ணி மேல இருக்கிறதைத்தான் சீவிட்டுப் போகும். கீழ எப்படிச் சீவும்?”

“வியாழக்கிழமை உனக்கு ரோபாட்டிக்ஸ் இல்ல?”

“மறந்துட்டேன்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதற்கு மட்டம் போட்டதில்லை.

அங்கயற்கண்ணி மண்டி போட்டு அந்தக் கல்லைப் பார்த்தாள். தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். நாலு வருஷமாக அந்தக் கல் அவள் கண்ணில் பட்டதே இல்லை.

“சரி, இது ஆறு போட்ட மணலா, காத்து போட்டதா?”

சம்யுக்தா கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். எந்தக் கேள்விக்கும் சட்டென்று கை தூக்கிப் பழகியவள் அவள்.

“தெரியல,” என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இல்லை. கல்லிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

அங்கயற்கண்ணி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வா. இப்ப பாடத்தோட பேரை எழுதி விண்ணப்பத்தைப் போடலாம். நேரம் ஆகுது.”

சம்யுக்தா திரும்பவில்லை. அடுத்த கல்லின் மேல் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் அந்தப் பெஞ்சுல உட்காருங்கக்கா,” என்றாள். “கூப்பிடுறேன்.”

அங்கயற்கண்ணி கதவை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.